குழாய்க்குள் என்ன இருக்கிறது?

செல்லூர்,
28.01.2024

அன்பு முனீசுக்கு,

நீ உன் அப்பா வீட்டுக்குப் போய் எட்டு நாள் ஆகிறது. போன் செய்தால் உன் மதினி நாகஜோதிதான் எடுக்கிறாள். "அண்ணே, அவ பேச மாட்டாளாம். ஏதாச்சும் சொல்லணும்னா எழுதி அனுப்பச் சொல்றா. போன்ல நீங்க பேசிப் பேசியே அவளைச் சரிக்கட்டிருவீங்களாம்" என்றாள். செல்லூருக்கும் சமயநல்லூருக்கும் நடுவில் ஒரு பஸ் தூரம். அதற்குத் தபால். கவர் வாங்கப் போனபோது கவுண்டரில் இருந்தவர், "கோர்ட் விஷயமா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

கை எப்படி இருக்கிறது? மணிக்கட்டில் கொப்புளம் உடைந்துவிட்டதா?

நடந்ததை நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். இஸ்திரிப் பெட்டியின் பழைய வயர் கழுத்துப் பக்கம் பிய்ந்திருந்தது. புது வயர் வாங்கி மாட்டினேன். வீடியோவில் காட்டியபடிதான் மாட்டினேன், அதை இரண்டு தடவை பார்த்தேன். முந்தின நாள் என் சட்டை இரண்டை அதில்தான் தேய்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. பெட்டி அதே பெட்டி, பிளக் அதே பிளக். உனக்கு மட்டும் ஏன் ஷாக் அடித்தது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

எப்படியானாலும் தப்பு என்னுடையதுதான். ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங், கட்டிங் பிளேயர் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். இனிமேல் எதையும் தொட மாட்டேன். இது சத்தியம். நீ வந்தால் போதும்.

அசோக்


சமயநல்லூர்,
06.02.2024

திரு. அசோக்குமார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வயரைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். என் கையைப் பற்றி இரண்டு கேள்வி. கை ஆறி வருகிறது. தழும்பு இருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

ஷாக் அடித்ததற்காக நான் கிளம்பி வரவில்லை. அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நான் கீழே கிடந்தேன். ஓடி வந்து சுவிட்சை அணைத்தீர்கள், அது வரைக்கும் சரி. அதற்கப்புறம் என்ன செய்தீர்கள்? பெட்டியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தீர்கள். "நேத்து நல்லாத்தான இருந்துச்சு" என்றீர்கள். எதிர்வீட்டு அக்கா வந்துதான் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என் காதில் ஓடியது அந்த வாக்கியம் மட்டும்தான்.

நீங்கள் பொழுதுபோக்காகக் கற்ற ஒவ்வொன்றையும் நான் பார்த்திருக்கிறேன். பஞ்சர் ஒட்டுவது மூன்று வாரம். தச்சு வேலை, மூன்று காலோடு நிற்கிற ஸ்டூல். தையல், என் மெஷின் ஊசி உடைகிற வரைக்கும். முடி வெட்டுவதை உங்கள் தலையிலேயே பழகி, பத்து நாள் தொப்பியோடு பட்டறைக்குக் கணக்கு எழுதப் போனீர்கள். அதற்கெல்லாம் சிரித்திருக்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? "இங்க காட்டு, கொஞ்சம் மேல காட்டு, எங்க பாத்துட்டு இருக்க?" ஒன்பது வருஷம். ஒரு நாளாவது "நீ செஞ்சு பாக்குறியா" என்று கேட்டீர்களா?

இனிமேல் எதையும் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறீர்கள். அதை நான் கேட்கவே இல்லை.

முனீஸ்வரி

பி.கு. இங்கே அடுப்படிக் குழாய் பகல் முழுக்கச் சொட்டுகிறது. பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று பத்து நாளாகச் சொல்கிறார். குழாய்க்குள் என்னதான் இருக்கிறது? கேள்வி மட்டும்தான் கேட்கிறேன். இதை வைத்துக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து நிற்காதீர்கள்.


செல்லூர்,
11.02.2024

அன்பு முனீசுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தது உண்மை. ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. பதில் கிடைத்ததும் எழுதுகிறேன். இப்போது எதையாவது எழுதினால் அது சமாளிப்பாகத்தான் இருக்கும்.

குழாய் விஷயம். நீ கேட்டதும், ஆகா இது நமக்குத் தெரியுமே என்று பேனாவை எடுத்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரியாது என்று தெரிந்தது. குழாயை வெளியிலிருந்துதான் எனக்குத் தெரியும். அதனால் நம் வீட்டுக் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். (சத்தியத்தை மீறியதற்கு மன்னிக்கவும். நீ கேட்கவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய்.) முதலில் மாடிக்குப் போய், தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பில் உள்ள வால்வை அடைத்தேன். போன தீபாவளிக்கு அடுப்படியில் வெள்ளம் வந்ததே, அன்றைக்கு அதை அடைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உள்ளே ஒரு தண்டு. அதன் அடியில் ரப்பர் வில்லை, ஐம்பது பைசா அளவு. வாசர் என்கிறார்கள். நீ குழாயை மூடும்போது இந்த வாசர்தான் இறங்கித் தண்ணீர் வரும் ஓட்டையில் உட்காருகிறது. தேய்ந்தால், பள்ளம் விழுந்தால், உட்கார முடியாமல் சொட்டும். இம்புட்டுத்தான் விஷயம்! இத்தனை வருஷமாகத் தினமும் திருகுகிறோம், உள்ளே ஒருத்தன் இப்படி எழுந்து எழுந்து உட்காருகிறான் என்று தெரியவில்லை பார். படம் வரைந்து வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்தெருவில் இருக்கிற மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போனேன். கடை வைத்திருப்பவர் பாண்டியம்மாள். ஐ.டி.ஐ. படித்தவர், நம் வயதுதான் இருக்கும். திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"யாரு வயர் மாட்டுனது?"

"நான்தான்."

"அடுத்து எதைத் தொடப் போறீங்க?"

"எதையும் இல்ல."

"அப்புறம் ஏன் இங்க நிக்கிறீங்க?"

ஏன் ஷாக் அடித்தது என்று தெரிய வேண்டும் என்றேன். "நான் சொன்னா உங்களுக்கு விளங்காது. மொதல்ல கரண்டு அளக்குற மீட்டரைப் புடிச்சுப் பாக்கக் கத்துக்கங்க. சாயங்காலம் வாங்க. ரெண்டு மாசத்துக்கு ஸ்க்ரூ டிரைவர் கையில இருக்கக் கூடாது. பாக்க மட்டும்தான்" என்றார்.

நாளையிலிருந்து போகிறேன்.

அசோக்


சமயநல்லூர்,
03.03.2024

அசோக்குமார் அவர்களுக்கு,

குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. நான்தான் கழற்றினேன்.

அம்புக்குறி தப்பு. நீங்கள் போட்ட பக்கம் திருகினால் இறுகுகிறது. நீங்கள் குழாயை மேலிருந்து பார்த்து வரைந்திருக்கிறீர்கள், நான் எதிரில் நின்று திருகினேன் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. இனிமேல் படம் வரைந்தால், பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்றும் வரையுங்கள்.

வாசர் வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர், "ஏம்மா, வீட்டுல ஆம்பள யாரும் இல்லையா?" என்றார். "இருக்காக. அவுகளுக்குக் குழாயைத் திறக்கத்தான் தெரியும்" என்றேன். அதற்கப்புறம் மரியாதையாக மூன்று அளவு எடுத்துக் காட்டினார்.

பழைய வாசரைத் தண்டிலிருந்து எடுத்தபோது ஒரு பக்கம் பிறை மாதிரி தேய்ந்திருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா, "என்னத்தா, தங்கமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இந்தப் பரபரப்பு உங்களுக்கு ஒன்பது வருஷமாகக் கிடைத்துக்கொண்டிருந்திருக்கிறது, எனக்கு அதில் ஒரு துளிகூடத் தரவில்லை என்று நினைத்தேன். கோபம் வந்தது. அதோடு, நீங்கள் ஏன் இதை விடாமல் செய்கிறீர்கள் என்பதும் கொஞ்சம் புரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

இப்போது நீச்சல் பழகுகிறேன். மதினி சொல்லிக்கொடுக்கிறாள். நம் தோட்டத்துக் கிணறுதான். காலி எண்ணெய் கேனை முதுகில் கட்டிக்கொண்டு, சுடிதாரோடு இறங்குகிறேன். படியைப் பிடித்த கையை விட நான்கு நாள் ஆனது. தண்ணீருக்குள் காதை நனைத்தால் உலகமே வேறு மாதிரி கேட்கிறது. மேலே கத்துகிற காக்கா எங்கேயோ திருமங்கலத்தில் கத்துகிற மாதிரி இருக்கிறது. அது ஏன்?

மீட்டரில் என்ன பார்த்தீர்கள் என்று எழுதவும்.

முனீஸ்வரி


செல்லூர்,
21.04.2024

அன்பு முனீசுக்கு,

காது விஷயம் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுவது இப்போது பழகிவிட்டது.

ஷாக் ஏன் அடித்தது என்று தெரிந்துவிட்டது. முழுவதையும் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பாண்டியம்மாள் நம் வீட்டுக்கு வந்தார். டெஸ்ட் லாம்ப் என்று ஒரு பல்பில் இரண்டு வயர் கட்டி வைத்திருக்கிறார். பிளக் ஓட்டையில் கீழே இருக்கிற இரண்டு துளைகளில் வைத்தார், எரிந்தது. அப்புறம் ஒரு வயரைக் கரண்டு வரும் துளையிலேயே வைத்துக்கொண்டு, இன்னொன்றை மேலே இருக்கிற பெரிய துளையில் வைத்தார், எரியவே இல்லை. அது எர்த். கரண்டு வழி தவறி வெளியே வந்தால் மண்ணுக்குள் போய்விடுவதற்கான பாதை. போர்டைத் திறந்தால், எர்த்துக்கான பச்சை வயர் எங்கேயும் போகாமல் சுவருக்குள் மடித்துச் செருகிக் கிடக்கிறது. நாம் குடிவந்த நாளிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கிறது.

இதோடு நிறுத்தினால் எனக்கு வசதி. வீட்டுக்காரர் மேல் பழியைப் போட்டுவிடலாம். ஆனால் இஸ்திரிப் பெட்டிக்குள் நான் மாட்டிய வயரில் ஒரு பிசிறு, ஒற்றைச் செம்பு இழை, வெளியே நீட்டிக்கொண்டு தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. முறுக்கி உள்ளே விட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. எர்த் இருந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும். அந்தப் பிசிறு இல்லாமலிருந்தால் எர்த் இல்லாததே தெரிந்திருக்காது. பிசிறு என்னுடையது.

முந்தின நாள் எனக்கு ஏன் அடிக்கவில்லை? நான் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு தேய்த்தேன். நீ குளித்துவிட்டு வந்து, ஈரக்காலோடு தரையில் நின்றாய். அவ்வளவுதான் வித்தியாசம்.

லைசென்ஸ் உள்ள வயர்மேன் வந்து கொல்லையில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் எடுத்துக் கொடுத்துவிட்டார். உப்பு எதற்கு என்று கேட்டேன். மண் ஈரமாக இருக்குமாம். நான் எட்ட நின்று பார்த்தேன்.

பெட்டியை ஏன் திருப்பிப் பார்த்தேன் என்று கேட்டாயே. கல்யாணமான புதிதில் உன் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்தோம். மோட்டார் ஓடவில்லை. உன் அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் சுற்றிச் சுற்றி வந்தேன். அவர் ஒரு தட்டுத் தட்டினார், ஓடியது. "மாப்ளைக்குப் பேனா பிடிக்க மட்டும்தான் தெரியும் போல" என்றார். உன் சித்தப்பாமார் எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் எல்லாம். நீ கீழே விழுந்தபோது என் மண்டையில் முதலில் வந்தது, மறுபடியும் சிரிப்பார்கள் என்பதுதான். உன் முகம் இரண்டாவதாகத்தான் வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நீ கேட்டதற்கு இதுதான் பதில்.

அசோக்


சமயநல்லூர்,
05.05.2024

அன்புள்ள உங்களுக்கு,

செருப்பு விஷயத்தைப் படித்துவிட்டு, ஈரக்காலோடு எங்கெங்கெல்லாம் நின்றிருக்கிறேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். கிரைண்டர், மிக்சி, மோட்டார் சுவிட்ச். அதற்கப்புறம் எழுந்துபோய் இங்கே இருக்கிற பிளக்குகளைப் பார்த்தேன். பார்க்கத்தான் செய்தேன், தொடவில்லை. ஆறில் இரண்டில் மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்று வயர்மேன் வந்து சொன்னார். அப்பாவை வற்புறுத்திச் சரிசெய்ய வைத்துவிட்டேன்.

நீங்கள் பிசிறை மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. மறைக்கவில்லை. அதை மனதில் வைத்திருக்கிறேன்.

நான் சிரித்தேனா? எனக்கு ஞாபகமில்லை. சிரித்திருப்பேன். புதுப் பெண், எல்லாரும் சிரித்தால் சிரிப்பதுதான். அப்பாவிடம் போய்க் கேட்டேன். "நானா சொன்னேன்? எப்ப? எந்த மோட்டாரு?" என்றார். அவருக்குச் சுத்தமாக நினைவில்லை. நீங்கள் ஒன்பது வருஷமாகச் சுமந்திருக்கிறீர்கள், சொன்னவருக்குச் சொன்னதே தெரியவில்லை. முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே அவரோடு சண்டை போட்டிருப்பேன்.

ஆனாலும் உங்கள் முகம் இரண்டாவதாக வந்தது என்பது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. அது ஒரு கடிதத்தில் ஆறாது.

கேனை அவிழ்த்துவிட்டேன். நேற்று படியிலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் போய்த் திரும்பினேன். பாதியில் மூச்சு முட்டியது. மதினி மேலே நின்று, "மல்லாக்கப் படுடீ, மல்லாக்கப் படு!" என்று கத்தினாள். படுத்தேன். தண்ணீர் தாங்கிக்கொண்டது. கை காலை ஆட்டாமல் சும்மா கிடந்தால் மிதக்கிறோம் என்பதை நம்புவதுதான் இதில் கஷ்டம். மற்றது எல்லாம் பழக்கம்.

முனீசு


செல்லூர்,
23.06.2024

அன்பு முனீசுக்கு,

கடிதத்தின் கீழே 'முனீசு' என்று போட்டிருந்தாய். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

ஒரு செய்தி. நான் ஒரு மோட்டார் கட்டியிருக்கிறேன். முழுவதும் என் கையால். ஒரு எச்.பி., தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்றுகிற மோட்டார். யாரோ வெளியூர்க்காரர் கொண்டுவந்து போட்டதாம். காயில் கருகி, திறந்ததும் கடை முழுக்க நாற்றம். பாண்டியம்மாள் என் முன்னால் வைத்து, "இது உங்களுக்கு" என்றார். இது வரைக்கும் ஃபேன் மட்டும்தான் கொடுத்திருக்கிறார்.

பழைய கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிப் பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும். அப்புறம் அதே எண்ணிக்கையில் புதுக் கம்பியைச் சுற்றி, மோட்டாரின் இரும்பில் உள்ள பள்ளங்களில் காகிதம் வைத்து இறக்க வேண்டும். முதல் சுருளை அறுபது சுற்றில் எங்கேயோ கோட்டைவிட்டேன். பிரித்தேன். இரண்டாவதில் கம்பி உரசி மேல்பூச்சுப் போய்விட்டது. மறுபடி பிரித்தேன். மொத்தம் நான்கு நாள் சாயங்காலம். ஓட்டிப் பார்த்தபோது ஒரு சத்தமும் இல்லாமல் சுற்றியது. மோட்டார் நன்றாக இருந்தால் அது இருப்பதே தெரியாது என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று.

பாண்டியம்மாள், "ம், பரவாயில்ல" என்றார். அவர் வாயில் அது பெரிய வார்த்தை.

எப்போது வருகிறாய் என்று கேட்கப் போவதில்லை. நீந்துவதைப் பற்றி எழுது.

அசோக்


சமயநல்லூர்,
30.06.2024

என்னங்க,

அது அப்பா வீட்டு மோட்டார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் தொட்டிப் பக்கம் தீய்ந்த வாடை வந்தது. அப்பா வழக்கம்போலக் குச்சியால் தட்டப் போனார். நான் ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு, "யாரும் தொடக் கூடாது" என்றேன். "இவ பெரிய இன்ஜினியரு" என்றார். நான் மதினியின் ஸ்கூட்டியில் மோட்டாரைக் காலடியில் வைத்துக்கொண்டு, அவள் ஓட்ட, செல்லூருக்கு வந்தேன். இங்கே சமயநல்லூரிலேயே ஒரு கடை இருக்கிறது. ஆனால் எனக்கு உங்கள் பாண்டியம்மாளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. உங்களையும்.

பகலில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். நான் யார் என்று பாண்டியம்மாளிடம் சொன்னேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதை அவருகிட்டயே குடுக்கட்டுமா? உங்களுதுன்னு சொல்லாம?" என்றார். சரி என்றேன். "நாளைக்குச் சாயங்காலம் வந்து தெருவுல நின்னு பாருங்க" என்றும் சொன்னார்.

மறுநாள் வந்தேன். எதிரில் இருக்கிற பால்கடை ஓரம் ஒரு மணி நேரம் நின்றேன். நீங்கள் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே சுற்றினீர்கள். திடீரென்று நின்றீர்கள். கம்பியைப் பார்த்தீர்கள். முன்பெல்லாம் இந்த இடத்தில் ஸ்க்ரூவைத் திட்டுவீர்கள், கம்பெனியைத் திட்டுவீர்கள், அப்புறம் என்னைத் திட்டுவீர்கள். இப்போது ஒன்றும் சொல்லாமல் முதலிலிருந்து பிரிக்க ஆரம்பித்தீர்கள். நீங்கள் இப்படி இருப்பதை நான் கல்யாணமானதிலிருந்து பார்த்ததில்லை. கூப்பிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கூப்பிட்டால் எண்ணிக்கை விட்டுப்போகும் என்று வந்துவிட்டேன்.

மோட்டார் வந்து மாட்டியாயிற்று. அப்பா சுவிட்சைப் போட்டுவிட்டு, சத்தமே இல்லை, மோட்டார் ஓடவில்லை என்றார். தொட்டியில் தண்ணீர் விழுவதைக் காட்டினேன். யார் கட்டியது என்று கேட்டார், சொன்னேன். மோட்டாரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "அவரை ஒரு நாள் வரச் சொல்லு" என்றார். வாருங்கள். வராவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை, அது உங்கள் இரண்டு பேர் விஷயம்.

என் விஷயம் வேறு. அன்றைக்குக் கடையில் பாண்டியம்மாள் ஒரு காயிலின் முனையை நூலால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தேன். சேலைக்கு ஃபால்ஸ் அடித்த கைக்கு அது வரும் என்று தோன்றியது. நூலை வாங்கிக் கட்டினேன். "நல்ல இறுக்கம்" என்றார். வேலைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டேன். வருகிற எட்டாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார். காலையில் எட்டரைக்கு. உங்களுக்குச் சாயங்காலம், எனக்குப் பகல். நான் உங்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வேன் என்று நினைக்கிறேன். அதை நீங்கள் தாங்கிக்கொள்ள வேண்டும்.

இங்கிருந்து எட்டரைக்கு அங்கே வந்து சேருகிற மாதிரி சரியான பஸ் இல்லை. அதனால் சனிக்கிழமை பையோடு வருகிறேன்.

இப்படி எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். நீங்கள் பிசிறைப் பற்றி மறைக்காமல் எழுதினீர்கள். நானும் மறைக்கவில்லை. ஏழரைக்கு ஒரு பஸ் இருக்கிறது. அது எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடும். எனக்கு வர வேண்டும் என்று இருக்கிறது.

முனீசு